கம்போஸ்ட்ல இருக்குற பாக்டீரியா நாத்தழுகலை நிஜமாவே தடுக்குமா?

விதைத்தட்டு:
தக்காளி நாத்து முளைச்சு ரெண்டு இலை விடுறதுக்குள்ள தண்டு மண்ணை ஒட்டின இடத்துல நீர் கோத்த மாதிரி ஆகி மெலிஞ்சு அப்படியே சாஞ்சுடுது, பிடுங்கிப் பாத்தா வேர் பழுப்பா கொழகொழன்னு இருக்கு. கம்போஸ்ட் கலந்தா அதுல இருக்குற நல்ல பாக்டீரியா இதைத் தடுக்கும்ங்கறாங்க. குவியல்தான் கைய வைக்க முடியாத சூடா இருக்கே, அதுல நல்லதும் சேந்து செத்துடாதா?

மண்கிளறி:
அது நாத்தழுகல்தான், பித்தியமா இருக்கும் இல்லன்னா ரைசோக்டோனியா, ரெண்டும் மண்ணுல இருக்குற நோய்க்கிருமி. 55 டிகிரிக்கு மேல சில நாள் நின்னா நோய்க்கிருமி பெரும்பாலும் போயிடும், கூடவே நல்லதுலயும் நிறைய போகும். பேசில்லஸ்ங்கற நல்ல பாக்டீரியா மட்டும் ஸ்போரா (கெட்டி ஓடு போட்ட உறக்க நிலை) மாறி தாக்குப்பிடிக்கும். மத்த நல்லதுகள், அதாவது சூடோமோனாஸ் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா (இது பூஞ்சை, பாக்டீரியா இல்ல) எல்லாம் குவியல் ஆறினப்புறம்தான் ஓரத்துல இருந்து உள்ள வரும். அதனால சூடு தணிஞ்ச உடனே அள்ளிடாதீங்க, ஈரத்தோட இன்னும் சில வாரம் கிடக்கட்டும். காஞ்சு போனா பாக்டீரியா குடியேறாது, பூஞ்சைதான் ஏறும். அரைகுறையா மக்கினதைப் போட்டா இன்னும் மோசம், அதுல மிச்சமிருக்குற சத்தை பித்தியமே தின்னு கொழுக்கும்.

வேர்முடிச்சு:
மேல சொன்னது சரி. விதை முளைக்கிறப்போ அதுலேருந்து கொஞ்சம் சர்க்கரை கசியும், அந்த வாசம் பிடிச்சுதான் பித்தியம் கிளம்பி வரும், நல்லா மக்குன கம்போஸ்ட்ல இருக்குற நுண்ணுயிர்க் கூட்டம் அதுக்கு முன்னாடியே அந்தச் சர்க்கரையைக் காலி பண்ணிடும். சூடோமோனாஸ் சுத்தி இருக்குற இரும்புச்சத்தையும் இழுத்து வச்சுக்கும், கிருமிக்கு மிஞ்சாது. இதே கம்போஸ்ட்டை ஆவியில அவிச்சுட்டு போட்டுப் பாருங்க, தடுக்குற சக்தி போயிடும், அதாவது வேலை செய்யுறது சத்து இல்ல, உயிர். ஆனா ரைசோக்டோனியா அவ்வளவு லேசுல மடங்காது, அதுக்கு டிரைக்கோடெர்மா மாதிரி குறிப்பிட்ட ஆள் வேணும், எல்லா கம்போஸ்ட்லயும் அது இருக்கும்னு சொல்ல முடியாது.

விதைத்தட்டு:
சூப்பர். அப்போ கம்போஸ்ட்டை தண்ணில ஊறவச்சு சர்க்கரைப்பாகு சேத்து தெளிச்சா வேகமா பெருகும்ல?

மண்கிளறி:
பெருகும், ஈ.கோலியும் (வயித்துப்போக்கு வரவைக்கக்கூடிய குடல் பாக்டீரியா) சேந்து பெருகும். பச்சையா சாப்பிடுற கீரை மேல அதைத் தெளிக்கவே கூடாது. விதைக்கிற மண் கலவைல அஞ்சுல ஒரு பங்கு கம்போஸ்ட் போடுங்க போதும், நாத்துக்கு ஊத்துற தண்ணியைக் குறைங்க. ஏற்கனவே சாஞ்ச நாத்து எழும்பாது, தூக்கிப் போட்டுட்டு தட்டைக் கழுவிட்டு புதுசா விதைங்க.