டபுள் என்ஜின் போட்டை ஜெட்டில (படகு கட்டுற மேடைல) கொண்டுவந்து நிறுத்துறது எப்படி?

புதுசுக்காரன்:
இவ்வளவு நாளா ஒத்தை என்ஜின் போட்டுதான் ஓட்டிட்டு இருந்தேன், இப்போதான் டபுள் என்ஜின் கைக்கு வந்திருக்கு. வெளிய ஓட்டுறதுல ஒண்ணும் பிரச்சனையில்ல, ஜெட்டி கிட்ட வந்தாதான் கை நடுங்குது. ஒண்ணை ஃபார்வேர்ட்லயும் ஒண்ணை ரிவர்ஸ்லயும் போட்டா நின்ன இடத்துலயே சுத்தும்னாங்க. நானும் போட்டேன், கூடவே ஸ்டியரிங்கையும் அந்தப் பக்கமே ஃபுல்லா ஒடிச்சேன், போட்டு சுத்தவும் இல்லாம நிக்கவும் இல்லாம கோணலா போய் தூண்ல உரசிடுச்சு. பெயிண்ட் போனது போகட்டும், எங்க தப்பு பண்றேன்னே புரியல.

பழைய சுக்கான்:
ஸ்டியரிங்கை விடுங்க முதல்ல. நேரா வச்சுட்டு கையை எடுத்துடுங்க, ரெண்டு கியர் லீவர் மட்டும்தான் உங்க ஸ்டியரிங். வலது பக்கம் சுத்தணுமா, இடது என்ஜின் ஃபார்வேர்ட், வலது என்ஜின் ரிவர்ஸ். த்ராட்டில் தொடாதீங்க, ஐடில்லயே கியரைப் போட்டு ரெண்டு செகண்ட், திரும்ப நியூட்ரல், போட்டு எங்க போகுதுன்னு பாத்துட்டு அடுத்தது. நேரா ஃபார்வேர்ட்லேர்ந்து ரிவர்ஸுக்கு இழுக்காம நடுவுல நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்துங்க, கியர்பாக்ஸ் நல்லாருக்கும். ரிவர்ஸ்ல ஃபேனுக்கு (தண்ணியைத் தள்ளுற ப்ரொபெல்லருக்கு) இழுவை கம்மிங்கறதால சுத்தும்போதே போட்டு மெல்ல முன்னால நகரும், அப்போ ரிவர்ஸ்ல இருக்கறதை கொஞ்சம் அதிக நேரம் விட்டு வைங்க.

ரெட்டை ஃபேன்:
அண்ணன் சொல்றது இன்போர்டுக்கு (என்ஜின் போட்டுக்கு உள்ள இருக்கறது) அப்படியே பொருந்தும். அதுல ரெண்டு ஃபேனும் தள்ளித்தள்ளி இருக்கும், பெரும்பாலும் எதிரெதிரா வேற சுத்தும், அதனால பின்பக்கம் நல்லா வீசித் திரும்பும். உங்களது அவுட்போர்டா (என்ஜின் பின்னால வெளிய தொங்குறது)? அதுல ரெண்டும் ஒட்டி ஒட்டி நிக்கும், நெம்புகோல் சின்னதாயிட்ட மாதிரி, சுத்தும் ஆனா சோம்பலா சுத்தும்.

புதுசுக்காரன்:
ஆமா, அவுட்போர்டுதான்.

ரெட்டை ஃபேன்:
அப்போ உங்க தப்பு அங்கதான். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிச்சா முன்னால தள்ளுற என்ஜின் பின்பக்கத்தை இடது பக்கம் தள்ளும், ரிவர்ஸ்ல இருக்கற என்ஜின் அதே பின்பக்கத்தை வலது பக்கம் இழுக்கும். ரெண்டும் சண்டை போட்டா போட்டு எப்படி சுத்தும்? ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறதுன்னா ஸ்டியரிங் நடுவுல.

ஜெட்டில இடது பக்கம் கட்டுறதா வச்சுக்கோங்க. கொஞ்சம் சாய்வா, நடக்கற வேகத்தைவிட மெதுவா, முன்பக்கத்தை ஜெட்டியைப் பாத்து விடுங்க. கிட்ட வந்ததும் நியூட்ரல். அப்புறம் ஸ்டியரிங்கை ஜெட்டி பக்கமே முழுசா திருப்பிட்டு, ஜெட்டிக்கு வெளிப்பக்க என்ஜினை (இங்க வலது) மட்டும் ரிவர்ஸ்ல ஒரு தட்டு. போட்டும் நிக்கும், பின்பக்கமும் ஜெட்டியைப் பாத்து உள்ள வரும். முதல்ல திருப்பு, அப்புறம் கியர், இந்த வரிசை மாறினா போச்சு.

பழைய சுக்கான்:
சரிதான், நான் இன்போர்டுன்னு நெனச்சுட்டேன். காத்தை யாரும் சொல்லலையே. காத்தோ நீரோட்டமோ எது பலமோ அதுக்கு எதிரா வாங்க. முன்பக்கம் தண்ணில ஆழமா இருக்காது, முதல்ல அதைத்தான் காத்து தூக்கிட்டுப் போகும். ஜெட்டியைப் பாத்து காத்து அடிச்சா கொஞ்சம் தள்ளியே இணையா நிறுத்துங்க, காத்தே கொண்டுவந்து சேர்க்கும். ஜெட்டி பக்கத்துலேர்ந்து வெளிய அடிச்சா சாய்வு ஜாஸ்தி, முன் கயிறை முதல்ல கட்டுங்க. இடிக்கப் போகுதுன்னு யாரும் கையையோ காலையோ நடுவுல நீட்டக் கூடாது, இடி தாங்குற மெத்தை, அந்த ஃபெண்டர் எதுக்கு தொங்குது?

புதுசுக்காரன்:
இன்னைக்கு காத்து இல்லாத நேரமா பாத்து ஆறு தடவை பழகினேன். நாலாவது தடவை ஃபெண்டர் மெதுவா நசுங்கற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஆனா இடது லீவர்ல கியர் விழ கொஞ்சம் லேட்டாகுது, வலதுல உடனே விழுது.

ரெட்டை ஃபேன்:
கேபிள் லூஸா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணுங்க. அதுவரைக்கும் ரிவர்ஸ்ல இடதை நம்பாதீங்க.