எம்.ஃபில். நிறுத்தப்பட்ட நிலையில் எம்.எஸ்சி. உளவியலில் சேரலாமா? அவசர உதவி தேவை

வைகறை:
வணக்கம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டும் என்பது என் விருப்பம். இறுதியாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டேன். முதுநிலைக்குப் பிறகு எம்.ஃபில். படித்தால் போதும் என்றுதான் முதலாண்டிலிருந்து எங்களுக்குச் சொல்லி வந்தார்கள். இப்போது அந்தப் படிப்பே இல்லை என்கிறார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. முன்பணம் கட்ட நாளை மாலைதான் கடைசி நேரம். சேரலாமா, வேண்டாமா? விவரம் அறிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

தணிகை:
இளநிலையில் நீங்கள் படித்தது உளவியலா, வேறு பாடமா? எம்.எஸ்சி. பட்டத்தின் முழுப் பெயர் என்ன? நேரடி வகுப்பா, தொலைநிலையா? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல இயலாது.

பாலை நிலவன்:
எந்த எம்.எஸ்சி.யில் சேர்ந்தாலும், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் எனப்படும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இன்றே படிக்கத் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் வீட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. உளவியலில் நிலையான வருவாய் கற்பித்தலில்தான் இருக்கிறது.

மருதன்:
அவர் கேட்டது சிகிச்சைப் பணியைப் பற்றி. நீங்கள் எல்லா இழைகளிலும் நெட் தேர்வையே சொல்கிறீர்கள். பள்ளி ஆலோசகர் பணியையும் அவர் எண்ணிப் பார்க்கலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அதற்கு வாய்ப்பு உண்டு.

நெடுங்கிள்ளி:
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை விரிவாக விடையளித்திருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமைகூட இல்லாதவர், நோயாளியின் வரலாற்றை மணிக்கணக்கில் கேட்டு எழுதும் தொழிலுக்கு எப்படி வரப்போகிறார்? நாளை கடைசி நாள் என்றால் இன்றுதான் விசாரிப்பதா? முதலில் சட்டத்தைப் படியுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரை மருத்துவ உளவியலாளர் என்று ஏற்கிறது என்பதை அதன் வரையறைப் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது.

குறிஞ்சி:
ஐயா, அவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார். சட்டத்தைப் படிக்கச் சொல்வதோடு அதில் உள்ளதையும் சொல்லிவிடலாமே.

வைகறை, இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் இடம்பெற வேண்டும். அந்த மன்றம் அனுமதித்த படிப்பை, அனுமதித்த நிறுவனத்தில் முடித்தவரே அதில் பதிய முடியும். இதுவரை இரண்டாண்டு எம்.ஃபில். அதற்கு முக்கிய வழியாக இருந்தது. 2022-இல் யு.ஜி.சி. பொதுவாக எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும், 2025-26 கல்வியாண்டு வரை மாணவர்களைச் சேர்க்கலாம் என்று 2024 ஜனவரியில் விலக்கு அளித்தது. நீங்கள் முதுநிலையை முடிக்கும்போது அந்த வாசல் திறந்திருக்காது. அதற்கு மாற்றாக எம்.ஏ. மருத்துவ உளவியல், சை.டி. எனப்படும் உளவியல் முனைவர் பட்டம் ஆகிய படிப்புகளை ஆர்.சி.ஐ. வகுத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டத்தில் 'கிளினிக்கல்' என்று அச்சாகியிருப்பதால் மட்டும் அது ஆர்.சி.ஐ. படிப்பு ஆகிவிடாது. மன்றத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உள்ளது. அதில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அதே வரிசையில் படிப்பின் பெயர், அனுமதி எந்தக் கல்வியாண்டு வரை, எத்தனை இடங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். சிறப்புக் கல்விக்கு அனுமதி பெற்ற நிறுவனம் உளவியலுக்கும் அனுமதி பெற்றதாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

வைகறை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். இளநிலை பி.எஸ்சி. உளவியல், கோவையில் முழுநேரமாகப் படித்தேன். இந்த எம்.எஸ்சி. இணையவழிப் படிப்பு. முடித்ததும் ஆர்.சி.ஐ.யில் பதியலாம் என்று சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் சொன்னார்.

தணிகை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். பணம் கட்டாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்த அந்தத் தடையில் உளவியலும் அடங்கும். தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

நெடுங்கிள்ளி:
யு.ஜி.சி. எடுத்தது நல்ல முடிவுதான். தொலைநிலையில் பட்டம் வாங்கியவர்கள் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததால்தான் இந்தத் துறைக்கே மதிப்புக் குறைந்தது.

செம்பருத்தி:
இதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இக்னோ எனும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. உளவியல் படித்தவள் நான். அதிலும் செயல்முறைப் பதிவேடும் களப்பயிற்சியும் உண்டு. பகல் வகுப்புக்குப் போக இயலாத பெண்களுக்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது. அதை அடைத்தவர்கள் மாலை நேரக் கல்லூரிகளையாவது திறந்திருக்க வேண்டும். தகுதியின்றிப் பலகை மாட்டியவர்களில் முழுநேரம் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

நெடுங்கிள்ளி:
தனிப்பட்ட நிலையை வைத்துப் பொது விதியை எடைபோட வேண்டாம். மேற்பார்வை இல்லாத பயிற்சி பயிற்சியே அல்ல.

குறிஞ்சி:
மேற்பார்வை வேண்டும் என்பதில் இருவருக்குமே உடன்பாடுதான். ஏன் வேண்டும் என்பதை ஒரு காட்சியால் சொல்கிறேன். அன்றாடச் செயல்களைத் தானே செய்யும் திறனை அளக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை வைத்துக்கொண்டு, பையன் தானாகச் சட்டைப் பொத்தான் போடுகிறானா என்று பயிற்சி மாணவர் கேட்கிறார். தாய் 'போடுவான்' என்கிறார். அருகில் இருக்கும் மூத்தவர் பையனிடமே ஒரு சட்டையைக் கொடுக்கிறார். அவன் முதல் பொத்தானிலேயே அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். அந்தக் குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இப்படித் திரட்டும் விவரங்களைச் சார்ந்தவை. பாடநூலைப் படித்து மட்டும் இந்தக் கவனம் வராது.

வைகறை, முழுநேரப் படிப்பையே தேடுங்கள். அனுமதி பெற்ற எம்.ஏ. மருத்துவ உளவியல் இடம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காமல் பொதுவான எம்.எஸ்சி.யில் சேர்வதானால், சை.டி. சேர்க்கைத் தகுதியை ஆர்.சி.ஐ. வெளியிட்ட பாடத்திட்டத்தில் படித்துப் பார்த்த பிறகு சேருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அடுத்த ஆண்டு, பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுநிலைத் தேர்வையும் எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். புள்ளியியல், ஆய்வு முறையியல், பிறழ்நிலை உளவியல் மூன்றையும் இப்போதே திரும்பப் படிக்கத் தொடங்குங்கள். நுழைவுத் தேர்வுகளில் பலர் சறுக்குவது புள்ளியியலில்தான்.

வைகறை:
எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. பட்டியலிலும் அந்தப் படிப்பு இல்லை. பணம் கட்டவில்லை. அனைவருக்கும் நன்றி.

மருதன்:
இப்போது எங்கே விண்ணப்பிக்கிறீர்கள்? என் தங்கையும் இதே நிலையில் இருக்கிறாள். தெரிந்தால் உதவியாக இருக்கும்.