ஸ்ட்ராட்டை ஆம்ப்ல சொருகினா ஒரே உர்ர்ர்... அவசரம்

அவசரக்கம்பி:
மக்களே, புது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ரக எலக்ட்ரிக் கிட்டார்). ஆம்ப்ல சொருகினதும் உர்ர்ருன்னு உறுமுது. கெயின் (ஆம்ப்ல சிக்னலைப் பெருக்குற குமிழ்) ஏத்தினா வாசிக்கிறதே கேக்கல. கம்பி அதிர்வை சிக்னலாக்குற பிக்கப்தான் காரணமோ, எது மாத்தலாம்? சனிக்கிழமை ப்ரோகிராம் இருக்கு.

ரிதம்_ராசா:
என்ன ஆம்ப்? நடுவுல பெடல் உண்டா? பிக்கப் தேர்வு ஸ்விட்சோட அஞ்சு பொசிஷன்லயும் ஒரே அளவா?

ஈயப்பற்று:
கிட்டார் வால்யூமை ஜீரோவுக்கு இறக்கினா நிக்குதா? நின்னா பிக்கப் வழியா வருது. நிக்கலன்னா கேபிளோ ஆம்போ. கேபிளை ஆம்ப்ல இருந்து உருவியும் உறுமினா ஆம்ப்தான். கம்பியைத் தொட்டா கூடுதா, குறையுதா?

செம்புத்தகடு:
பிக்கார்டை (முன்பக்க ப்ளாஸ்டிக் தகடு) கழட்டி உள்குழி முழுக்க காப்பர் ஃபாயில் ஒட்டுங்க. ஓரம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும். சில ஃபாயிலோட பசை கரன்ட் கடத்தாது, அதனால மூட்டுல ஈயம் வைங்க. அங்கிருந்து ஒரு வயர் வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்குக் கீழ இருக்குற பாகம்) முதுகுக்கு. முடிஞ்சது.

பழைய_வால்வு:
மாசம் ரெண்டு தடவை இதே கேள்வி. மேல தேடுற பெட்டி ஒண்ணு இருக்கு தம்பி. ஒத்தைக் காயில் பிக்கப் (சிங்கிள் காயில்)னா ஹம், அதான் அந்த உர்ர்ர், இருக்கத்தான் செய்யும். பல ஆயிரம் சுத்து கம்பி, வீட்டு வயரிங்கோட 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அப்படியே வாங்கிக்கும். மெல்லிசு செம்பு அதைத் தடுக்காது. அது அடக்குறது ஃபேன் ரெகுலேட்டர், ட்யூப்லைட் போடுற ஜ்ஜ்ஜ் சத்தத்தை மட்டும்.

செம்புத்தகடு:
அந்த ஜ்ஜ்ஜ்தான் பாதித் தொல்லை. ஒட்டிப் பாக்காமலே பேசாதீங்க.

அவசரக்கம்பி:
15 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப், பெடல் இல்ல. ஜீரோல சத்தம் இல்ல. 2, 4-ல நல்லாக் குறையுது. கம்பியத் தொட்டாலும் குறையுது.

ஈயப்பற்று:
அப்போ பிக்கப்புக்கு ஒண்ணுமில்ல, காசை வீணாக்காதீங்க. நடு பிக்கப்பை எதிர்த்திசையில சுத்தி, காந்தத்தையும் திருப்பி வச்சிருக்காங்க. 2, 4-ல நடுவும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஓடும், அதனால ரெண்டு காயிலோட ஹம்மும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், கம்பி நாதம் மட்டும் சேர்ந்து வரும். கெயின் வேணும்னா அந்த ரெண்டுலயே நில்லுங்க. ஆம்ப்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்து மெதுவாத் திரும்புங்க, ஏதோ ஒரு கோணத்துல ஹம் விழும். ஃபேன் ரெகுலேட்டர் படிப்படியா இல்லாம வழுக்கிட்டே சுத்துற ரகமா? நிறுத்திட்டுக் கேளுங்க. கரன்ட் போய் இன்வர்ட்டர்ல ஓடுறப்போ சோதிக்காதீங்க.

ரிதம்_ராசா:
ரெண்டு காயிலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின, ஹம் இல்லாத பிக்கப் போட்டுட்டா நிம்மதிதானே?

பழைய_வால்வு:
போட்டா அது ஸ்ட்ராட்டே இல்ல. 1954-ல ஃபெண்டர் வச்சதுதான் டோன்.

ரிதம்_ராசா:
அதே ஃபெண்டர்தான் 1957-ல ப்ரிசிஷன் பேஸ் கிட்டார் பிக்கப்பை ரெண்டாப் பிரிச்சு ஹம்மை ஒழிச்சது. கிப்சன் கம்பெனில செத் லவர் 1955-லயே ஹம்பக்கருக்கு (ஹம்மை அடிச்சுடுற ரெட்டைக் காயில் பிக்கப்) காப்புரிமை கேட்டாச்சு. இவங்களுக்கெல்லாம் காது இல்லையா?

பழைய_வால்வு:
பேஸும் கிட்டாரும் ஒண்ணா?

அவசரக்கம்பி:
ரெகுலேட்டர் நிறுத்தினேன், ஜ்ஜ்ஜ் போயிடுச்சு. வெறுங்கால்ல நின்னு கம்பியத் தொட்டா லேசா ஜிவ்வுங்குது, அது சகஜம்தானே?

ஈயப்பற்று:
சகஜம் இல்ல! முதல்ல ப்ளக்கை உருவுங்க. மூணு பின்னை ரெண்டாக்குற கன்வர்ட்டர் ஏதாவது மாட்டியிருக்கா?

அவசரக்கம்பி:
ஆமா. ஹம் குறையும்னு ஒரு ஃப்ரெண்டு மாட்டச் சொன்னான்.

பழைய_வால்வு:
அந்த ஃப்ரெண்டு பேச்சை இனி கேக்காதீங்க. எர்த் இல்லன்னா ஆம்ப் உள்ள கசியுற கரன்ட் சேஸிஸ்ல (உலோகக் கூடு) ஏறி, கேபிள் வழியா கம்பிக்கு வந்து நிக்கும். தொட்டதும் ஹம் குறைஞ்சதே, நீங்களே எர்த் வயரா நின்னிருக்கீங்க. மேடையில எர்த் ஆன மைக்ல உதடு பட்டா அந்த ஜிவ்வு வேற மாதிரி இருக்கும்.

ஈயப்பற்று:
இந்த விஷயத்துல அவர் சொல்றது சரி. மல்டிமீட்டரை ஏசி 250 வோல்ட்டுக்கு மேல வச்சு சாக்கெட்டை அளங்க. லைவ்–நியூட்ரல் 230 பக்கம், லைவ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள வரணும். லைவ்–எர்த் ஏதோ மிதக்குற எண் காட்டினா எர்த் துளைக்குப் பின்னாடி வயரே இல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. டெஸ்டர் எர்த்ல எரியலங்கிறதை நம்பாதீங்க, வெறும் துளையிலயும் அது எரியாது.

அவசரக்கம்பி:
கன்வர்ட்டரைத் தூக்கிட்டு ஹால் பாயின்ட்ல போட்டேன். ஜிவ்வு இல்ல, ஹம்மும் பாதி. நன்றி மக்களே.

ஈயப்பற்று:
லைவ்–எர்த் எவ்வளவு காட்டுச்சு?

ஈயப்பற்று:
தம்பி, அளந்தீங்களா இல்லையா?

செம்புத்தகடு:
மீதிப் பாதிக்கு ஃபாயில்தான்.