பிளக் குழியில் ஆயில் தேங்கி நிற்கிறது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

ஈரோட்டு_ஓட்டுநர்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2012 மாடல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. பத்து நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில் குலுங்குகிறது, பாலத்து மேடு ஏறும்போது மிஸ் அடிக்கிறது, பிக்கப்பும் செத்துவிட்டது. நேற்று செக் இன்ஜின் லைட்டும் வந்துவிட்டது. நண்பரிடம் ஸ்கேனர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பி0303 என்று காட்டியது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இழுத்ததும் கை முழுக்க ஆயில். காயிலின் ரப்பர் பூட் ஆயிலில் ஊறி உப்பிப்போய், நுனியில் கருத்திருந்தது. குழிக்குள் டார்ச் அடித்தால் பிளக்கே கண்ணில் படவில்லை, கருப்பாக ஆயில்தான் பளபளக்கிறது. நீள ஸ்குருடிரைவரை விட்டு எடுத்தேன், இரண்டு விரற்கடை நனைந்து வந்தது. நான்காவது குழியில் லேசான கசிவு. 1, 2 இரண்டும் காய்ந்து கிடக்கின்றன.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும், 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். ஆனால் சைலன்சரில் புகை இல்லை, ஆயில் குச்சியிலும் அளவு பெரிதாக இறங்கவில்லை. எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டேப்பட்_கவர்:
தம்பி, முதலில் ஒன்று. பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள். குழியில் ஆயில் நிற்கும்போது பிளக்கைத் திருகி எடுத்தால் அத்தனையும், கூடவே தூசி மண்ணும், நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது, ரிங் போய்விட்டதென்று குழியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பிளக் மரைக்கு மேலே ஆயில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா, அதுதான் கேள்வி. உங்கள் வண்டி போன்ற இன்ஜின்களில் பிளக் டேப்பட் கவருக்கு (இன்ஜினின் மேல் மூடி) நடுவே ஆழமான குழியில் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழியைச் சுற்றிலும்தான் கேம்ஷாஃப்ட்டுக்குப் போகும் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆயில் குழிக்குள் வராமல் தடுப்பது வளையல் மாதிரி ஒரு ரப்பர் சீல். சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அது பிளாஸ்டிக் போலக் கெட்டியாகிவிட்டால் ஓரத்தில் கசிந்து குழியில் சேரும். இது வெளிக் கசிவு, ரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருந்தால் ஆயில் எரியும் அறைக்குள் வரும், அப்போது பிளக்கின் அடிப்பக்கம், அதாவது நெருப்புப் பொறி வரும் முனை, கருப்பாக ஈரமாக இருக்கும், குழி காய்ந்தே இருக்கலாம். புகையும் நீலமாகக் காட்டிக்கொடுக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் ஒரு தடவை நீலப்புகை தள்ளினால் வால்வ் சீல், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகைந்தால் ரிங் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் மெல்லிய டியூப் செருகி ஆயிலை உறிஞ்சி எடுங்கள். மிச்சத்தைக் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள், பிரேக் கிளீனர் கொஞ்சம் அடித்து மறுபடி துடையுங்கள், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று தெரிய வேண்டும். அதன் பிறகு பிளக்கைக் கழற்றி அடி முனையைப் பாருங்கள். காய்ந்து, இளம் பழுப்பாக இருந்தால் 45,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மிஸ் அடிப்பது ஏனென்றால், ஆயிலில் ஊறிய பூட்டில் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவுகிறது. நீங்கள் பார்த்த கருப்பு அதன் தடம்தான். இதோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் சுட்டுவிடும், அதன் விலை தனி.

மேட்டுப்பாளையம்_சாலை:
மேலே சொன்னது சரி. ஆனால் சீலை மாற்றிவிட்டு பிசிவி வால்வைப் பார்க்காமல் மூடிவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கதைதான், எனக்கு அனுபவம். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை இன்டேக் பக்கம் விடும் சின்ன வால்வ் அது. அடைத்துக்கொண்டால் அழுத்தம் போக வழியில்லாமல், எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றிவிடுங்கள், அதன் குழாயையும் பாருங்கள்.

இன்னொன்று, இன்ஜின் அறைக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். குழியில் நிற்பதில் தண்ணீரும் கலந்திருக்கலாம், பிளக்கில் துரு இருந்தால் அதுதான்.

சாமி_மோட்டார்ஸ்_ரசிகன்:
இவ்வளவு எதற்கு? டேப்பட் கவரைக் கழற்றி, பழைய பேக்கிங் மேலேயே சுற்றிலும் சிலிக்கான் பசை தடவி இறுக்கிவிடுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

டேப்பட்_கவர்:
வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். பிதுங்கும் பசை உள்பக்கம் உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்தால், அப்போதுதான் நிஜமாகவே இன்ஜினை இறக்க வேண்டி வரும். பசை தேவைப்படுவது டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலையில் மட்டும், அதுவும் ஒரு சின்னப் பாசிமணி அளவு. கவரின் சுற்றுப் பேக்கிங், குழி சீல்கள் நான்கு, எல்லாம் புதிது போடுங்கள். சில இன்ஜின்களில் குழி சீல் கவரோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. சிலவற்றில் பிளக் குழியின் குழாய் அடியிலும் ஒரு ஓரிங் (ரப்பர் வளையம்) உண்டு. கடையில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் இருக்கும், சர்வீஸ் மேனுவலில் உங்கள் வண்டிக்கான அளவைப் பாருங்கள். கைவலு காட்டினால் கவர் வளையும், இல்லையென்றால் மரை பிடுங்கிக்கொள்ளும்.

ஈரோட்டு_ஓட்டுநர்:
அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மூன்றாவது குழியில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்றரை முறை நிறைந்தது! பிளக் அடி முனை காய்ந்துதான் இருந்தது, பழுப்பு நிறம். மனசு நிறைந்துவிட்டது. சந்தேகத்துக்குக் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொன்னேன், வேறொரு மெக்கானிக் வந்து நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருக்கிறது என்றார்.

கவரைக் கழற்றினால் மூன்றாவது சீல் கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. பிசிவி வால்வும் சத்தமே போடவில்லை, அதையும் மாற்றிவிட்டேன். பேக்கிங் செட், வால்வ், பிளக் நான்கு, மூன்றாவது காயில் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். பூட் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, அதனால் காயிலாகவே வாங்கினேன். பி0303 அழித்த பிறகு திரும்ப வரவில்லை, பாலத்து மேட்டில் அப்பாவே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒரே ஒரு சந்தேகம். எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து லேசாக ஆயில் கருகும் வாசனை வருகிறது. பயப்பட வேண்டுமா?

டேப்பட்_கவர்:
கவரைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுப்பு) சிந்தியது எரிகிற வாசனையாக இருக்கும், ஓரிரு நாள் ஓட்டத்தில் போய்விடும். போகாவிட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள், சூடான மேனிஃபோல்டில் தொடர்ந்து ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். கவரின் பின்பக்க ஓரத்தை இப்போதே துடைத்து வைத்துவிட்டு, 200 கிலோமீட்டர் கழித்து வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள், அன்றைக்கே மூன்றாவது காயிலையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஈரோட்டு_ஓட்டுநர்:
230 கிலோமீட்டர் ஆகிவிட்டது அண்ணா. வாசனை இல்லை, துணி வெள்ளையாகவே வந்தது. மூன்றாவது குழிக்குள் டார்ச் அடித்தேன், பிளக்கின் பீங்கானில் எழுதியிருப்பதைக்கூடப் படிக்க முடிகிறது.