ஆளுக்கொரு ஊர்ல இருந்து வேலை: டீமை ஒண்ணா வச்சுக்கிறது எப்படி?

பாளைநிரல்:
எட்டு பேர் டீம். பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி, வள்ளியூர்னு அவங்கவங்க வீட்ல இருந்து வேலை. ரெண்டு பேர் சென்னை. கிளையன்ட் நியூயார்க். தினமும் சாயங்காலம் 7 மணிக்கு ஒரு மணி நேர கால். பேசுறது ரெண்டே பேர், மத்தவங்க கேமராவை அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க. முடிவெல்லாம் தனி சாட்ல நடந்து, ரெண்டு நாள் கழிச்சுத்தான் மத்தவங்களுக்குத் தெரியுது. புதுசா சேர்ந்த பிள்ளைக்கு யார்கிட்ட எதைக் கேக்கணும்னே பிடிபடல. கரண்ட் போனா ஆளே காணாமப் போயிருதாங்க. கேமராவைக் கட்டாயமாக்கலாமா? வெள்ளிக்கிழமை விளையாட்டு வைக்கலாமான்னு ஹெச்ஆர்ல கேக்காங்க.

சாரல்காத்து:
ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. அந்த ஒரு மணி நேரத்துல முக்கால்வாசி வருகைப் பதிவு மாதிரிதான் ஓடும். அதை எழுத்துக்கு மாத்துங்க. காலை 10 மணிக்குள்ள குரூப்ல மூணு வரி: நேத்து முடிஞ்சது, இன்னைக்கு எடுக்கிறது, எங்க முட்டிக்கிட்டு நிக்கு. மூணாவது வரிக்கு லீடு ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போட்டே ஆகணும். இல்லன்னா ரெண்டு வாரத்துல எல்லாரும் ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுத ஆரம்பிச்சிருவாங்க, வழக்கம் அதோட செத்துரும். முட்டின விஷயத்தை மட்டும் கால்ல எடுத்தா 20 நிமிஷத்துல முடியும்.

தனி சாட்ல கேள்வி வந்தா, ‘குரூப்ல கேளுங்க, அங்கேயே சொல்லுதேன்’னு திருப்பி விடுங்க. சின்னப் பிள்ளைகள் கூச்சப்படும். அதனால லீடு தன்னோட சந்தேகத்தை முதல்ல குரூப்ல கேட்டுக் காட்டணும். கால்ல எடுத்த முடிவு அன்னைக்கே எழுத்துல வரணும்: என்ன முடிவு, ஏன், எதை வேண்டாம்னு விட்டோம், யார் எப்ப முடிக்கணும். மூணாவதை எழுதாம விட்டா, ஒரு மாசத்துல அதே சண்டை திரும்பக் கிளம்பும்.

புதுசா வந்தவங்களுக்கு முதல் மாசம் லீடு இல்லாத ஒருத்தரைத் துணைக்குப் போடுங்க. தினமும் 20 நிமிஷம், குறிச்ச நேரத்துல. ‘எப்ப வேணா கேளு’ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

வாய்க்கால்கரை:
மேலே சொன்னது சரி. நேரத்தையும் கரண்டையும் நான் சொல்லுதேன்.

மார்ச் ரெண்டாவது ஞாயிறுல இருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் நியூயார்க் நமக்கு 9½ மணி நேரம் பின்னாடி; மத்த மாசங்கள்ல 10½. நம்ம 7 மணி அவங்களுக்குக் கோடையில காலை 9.30, குளிர்காலத்துல 8.30. காலண்டர் அழைப்பை இந்திய நேரத்துல போட்டிருந்தா நவம்பர்ல அவங்களுக்குக் கால் 8.30க்கே வந்துரும். நியூயார்க் நேரத்துல போட்டிருந்தா நமக்கு 8 மணி ஆயிரும். எதுன்னு அக்டோபர்லயே பேசி வச்சுக்கோங்க.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரூட்டருக்குன்னே மினி யுபிஎஸ் இருக்கு, கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டுற சின்ன பேட்டரிப் பெட்டி. ரூட்டர் அடாப்டர் லேபிள்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு பார்த்துட்டு வாங்குங்க. ஃபைபர் பெட்டியும் வைஃபை பெட்டியும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் கரண்ட் வேணும். ஒண்ணுக்கு மட்டும் மாட்டிட்டு ‘யுபிஎஸ் சரியில்ல’ம்பாங்க. உள்ள 2000 எம்ஏஹெச் செல் மூணு இருந்தா சுமார் 22 வாட்-ஹவர். 8 வாட் இழுக்கிற ரூட்டருக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வரும், விளம்பரத்துல போட்ட அளவு வராது. கேபிள்காரர் தெருப்பெட்டியே அணைஞ்சா இதுவும் உதவாது. ஹாட்ஸ்பாட்டுக்கு வேற கம்பெனி சிம் இருக்கட்டும். குரலுக்கு மட்டும்னா 100 கேபிபிஎஸ் போதும், அதனால கேமராவைக் கட்டாயமாக்காதீங்க.

மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு ஒவ்வொரு பகுதிக்கும் வேற வேற நாள்ல வரும், பெரும்பாலும் பகல்லதான். அறிவிப்பு வந்ததும் டீம் காலண்டர்ல ஏத்திருங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரி வந்தா கரண்டும் டவரும் சேர்ந்து போயிரும். எல்லார் நம்பரும், வீட்ல இன்னொருத்தர் நம்பரும் தாள்ல இருக்கணும். சென்னையில இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எஸ்எம்எஸ் அனுப்புறதுன்னு வச்சுக்கோங்க. நெட் வேலை செய்யாத சிக்னல்லயும் அது பல நேரம் போயிரும்.

பாளைநிரல்:
ரொம்ப நன்றி. இன்னும் ஒண்ணு. அம்பையில மூணு பேர் சில நாள் ஒரே ரூம்ல உக்காருவாங்க, அன்னைக்கு கால்ல ஒரே எதிரொலி. நேர்ல கூடுறதுன்னா எப்ப வைக்கலாம்?

சாரல்காத்து:
மூணு பேரும் தனித்தனி லேப்டாப்ல சேரட்டும், ஆனா ஒரு லேப்டாப்ல மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும். மத்த ரெண்டுலயும் ரெண்டையும் அணைக்கணும். மைக்கை மட்டும் அணைச்சா அந்த ஸ்பீக்கர் சத்தம் முதல் மைக்குக்குள்ள போய் எதிரொலிக்கும். அப்புறம், ரூம்ல தங்களுக்குள்ள பேசி முடிவெடுக்கிறதை நிறுத்தணும், மத்தவங்க விலகிப் போறதே அதனாலதான்.

நேர்ல கூட ஜூன்-ஆகஸ்ட் சாரல் காலத்துல தென்காசி நல்லது. சனி, ஞாயிறு வேண்டாம், குற்றாலத்துல கால் வைக்க இடமிருக்காது. சென்னைக்காரங்க ராத்திரி பொதிகை ரயில் ஏறினா காலையில தென்காசி. 60 நாளைக்கு முன்னாடிதான் டிக்கெட் திறக்கும், அன்னைக்கே போட்டிருங்க. முதல் நாள் காலையில, போன்ல தீராம இழுக்கிற விஷயம் மட்டும். அந்தப் பட்டியலை ஒரு வாரம் முன்னாடியே வாங்கிருங்க. பிபிடி கூடாது. மதியத்துக்கு மேல எதுவும் திட்டம் போடாதீங்க, பார்டர் புரோட்டாவோ தூக்கமோ அவங்க இஷ்டம். அருவியில வெள்ளம் வந்தா குளிக்கத் தடை போட்டுருவாங்க, அதை நம்பி நாளை வைக்காதீங்க. வர முடியாதவங்களை வீடியோவுல அரைகுறையா உக்கார வைக்க வேண்டாம். பேசின முடிவை அன்னைக்கு ராத்திரியே குரூப்ல போட்டு, அவங்க பதில் சொல்ல ஒரு நாள் விடுங்க, அதுக்கப்புறம் உறுதி பண்ணிக்கலாம்.