மொரீசியஸ் நீர்மூழ்கிச் சவாரி: காது ஆபரேஷன் ஆன அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

ஈரோட்டிலிருந்து தை மாதம் குடும்பத்தோடு மொரீசியஸ் போகிறோம். அங்கே சுமார் 35 மீட்டர் ஆழம் வரை இறங்கும் நீர்மூழ்கியில் போக அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. போன ஆடியில்தான் அவருக்குச் செவிப்பறையில் ஆபரேஷன் நடந்தது. இப்போதும் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினாலே வலது காது அடைத்து வலிக்கிறது.

காது டாக்டர் விமானத்துக்குச் சரி என்றார், ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் நீந்துவது) கூடவே கூடாது என்றார். நீர்மூழ்கி பற்றி அவருக்கே உறுதியில்லை. அந்த ஆழத்தில் வெளியே அழுத்தம் நாலரை மடங்கானாலும் உள்ளே தரையில் இருக்கும் காற்றழுத்தம்தான் என்று படித்தேன். சவாரி நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதிலில்லை. டிராவல்ஸ்காரர் “ஒண்ணும் ஆகாதுங்க” என்கிறார். அதை மட்டும் நம்பி அம்மாவை ஏற்ற மனம் வரவில்லை.

காதுப் பிரச்சினை உள்ளவர்கள் யாராவது இதில் போயிருந்தால் சொல்லுங்க: இறங்கும்போதோ மேலே வரும்போதோ காதில் அடைப்பு, வலி வந்ததா?