மாலை நாலேகாலுக்குப் பிறகும் பள்ளி: எங்கள் அனுபவங்கள்

கணித ஆசிரியர், தருமபுரி மாவட்டம்:

அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடங்கிவிடும். மற்ற வகுப்புகள் நாலேகால் மணிக்குக் கலைந்த பிறகும் பத்தாம் வகுப்பு மட்டும் ஐந்தரை வரை அமர்ந்திருக்கும். இதனால் பயனே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 40 பேர் அமர்ந்திருக்கும் பாடவேளையில், காரணிப்படுத்தலில் தடுமாறும் மாணவரின் அருகே உட்கார்ந்து, எந்தப் படியில் அவர் குறியை மாற்றிப் போடுகிறார் என்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை. மாலையில் அது முடிகிறது. டியூஷனுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் கிடையாது.

ஆயினும் அந்த நேரத்தின் பிற்பாதி பெரும்பாலும் வீணாகிறது. மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஐந்து மணிக்குக் கண்கள் சொருகும். பெற்றோர் ஆசிரியர் கழகம் சுண்டல் தந்த ஆண்டிலும் தராத ஆண்டிலும் அதே வகுப்பை நடத்தியவன் என்பதால் வேறுபாட்டை நன்கு அறிவேன். அதைவிடப் பெரிய சிக்கல் பேருந்து. மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் நாலரை மணிப் பேருந்தை விட்டால், அடுத்தது ஏழு மணிக்குத்தான். கட்டணமில்லாப் பயண அட்டை இருந்தாலும் ஏறுவதற்குப் பேருந்து வேண்டுமே! ஆகவே, சிறப்பு வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே முதலில் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.

பனியன் நிறுவனத் தொழிலாளி, திருப்பூர்:

எனக்குப் பள்ளி நேரம் நீள்வது வசதிதான். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் இரவு எட்டரை மணிக்குத்தான் வெளியே வருகிறேன். அதுவரை பிள்ளைகள் பூட்டிய வீட்டில் இருப்பதைவிடப் பள்ளியில் இருப்பதே மேல் என்று நினைத்து, மகளை ஆறு மணி வரை படிக்க வைக்கும் தனியார் பள்ளியில் சேர்த்தேன். அவள் படிப்பது எட்டாம் வகுப்பு. நேரத்தைக் கூட்டிய பள்ளி வீட்டுப்பாடத்தைக் குறைக்கவில்லை. நான் வீடு திரும்பும்போது, எழுதி முடிக்காத நோட்டின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். கோகோ ஆட்டம் அறவே நின்றுபோனது.

மகன் கதை வேறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது அவனுடைய பள்ளிக்கும் வந்தது. அன்று முதல் பள்ளிக்கு முன்கூட்டியே போகிறான். அவனுக்கும் பள்ளி நாள் நீண்டுதான் இருக்கிறது. வயிறு நிறைவதால் அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்:

கொரோனாவால் விடுபட்ட கற்றலை ஈடுசெய்ய 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வகுப்பு எடுத்தேன். கோயில் மண்டபத்தில்தான் வகுப்பு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஏதாவது தின்றுவிட்டு வருவார்கள். பேருந்துக் கவலையும் இல்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு கதை கேட்கவும் வாய்ப்பாடு சொல்லவும் அவர்களுக்குத் தெம்பு இருந்தது. பள்ளியிலேயே தொடர்ந்து அமர்த்தியிருந்தால் அந்தத் தெம்பு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாயை நம்பி எத்தனை பேர் நெடுங்காலம் நீடிப்பார்கள்? எனக்கு வேலை கிடைத்ததும் நான் விலகிவிட்டேன். பதிலுக்கு ஒருவர் வரத் தாமதமாயிற்று.

கணித ஆசிரியர், தருமபுரி மாவட்டம்:

திருப்பூர்ச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலைநாட்களும் 1,000 கற்பித்தல் மணி நேரமும் கேட்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் நாலரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அதைச் சாதாரணப் பள்ளி நேரமே நிறைவு செய்துவிடும். எட்டாம் வகுப்புக்கு ஆறு மணி வரை என்பது சட்டம் கேட்பதன்று, பள்ளியின் விருப்பம். பெற்றோர் சிலர் சேர்ந்து சென்று, படிப்பு நேரத்திலேயே வீட்டுப்பாடத்தை முடிக்கச் செய்யுமாறு கேட்கலாம்.

எங்கள் பள்ளியில் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, சிறப்பு வகுப்பைக் காலை எட்டரை மணிக்கு மாற்றியிருக்கிறோம். பேருந்தில் வரும் மாணவியர் அனைவரும் வந்துவிடுகின்றனர். காலையில் மாடு கறந்து, சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு வரும் மாணவர்கள்தாம் இப்போது தவறவிடுகின்றனர். அவர்களுக்கு மதிய இடைவேளையில் தனியாக ஒருமுறை நடத்துகிறேன்.